எருமைக்குத் தோல் தடித்த நாள்

அந்தக் காலத்தில் சொல் உடம்பில் படும். காதில் விழுந்து மனசுக்குள் போய் முடங்கிக்கொள்வதெல்லாம் பிற்பாடு வந்த பழக்கம். அன்றைக்கு ஒருவரை ஒருவர் வைதால், சொல் போய் விழுந்த இடத்தில் தோல் சிவந்து தடித்து நிற்கும். சின்ன வசவுக்குக் கொசுக்கடி அளவு, பெரிய வசவுக்குப் பிரம்படி நீளம். ஆடு, மாடு, காக்கை, கீரி என்று எல்லாமே வாய்விட்டுப் பேசித் திரிந்த காலம் அது. வசவுக்குப் பஞ்சமே இல்லை.

எருமைக்கு அப்போது இப்போதிருக்கிற தோல் கிடையாது. வாழைக்குருத்து மாதிரி மெல்லிசான தோல், கோதுமை மாவு நிறம். “கொஞ்சம் நகந்து நில்லேன்” என்று யாராவது கடுப்பாகச் சொன்னாலே விலாவில் நாலு தடிப்பு எழும்பிவிடும். அதனால் அவளுக்குப் பூந்தோலாள் என்று பேர். பேர் என்னவோ அழகுதான். கூப்பிடுகிறவர்கள் வாயில் கேலி இருந்ததால், கூப்பிடும்போதெல்லாம் காதுக்குப் பின்னால் அதற்கும் ஒரு தடிப்பு வரும்.

உடைமரக் காட்டுக்கு நடுவே நெட்டூரணி என்று ஓர் ஊரணி. அதைச் சுற்றிப் பிழைத்த உயிர்களுக்கெல்லாம் ஒரே தண்ணீர், ஒரே நியாயம். நியாயம் சொல்கிற பொறுப்பு நாரையாருடையது. கால் நீளமாக இருந்தால் பார்வையும் நீளமாக இருக்கும் என்று யாரோ நம்பிக் கொடுத்த பதவி. ஊரணிக்கு மேற்கே ஒரு பொட்டல் உண்டு. வசவுக் களம் என்பார்கள். யார் மேலாவது குற்றம் சொல்லப்பட்டால், அவர் பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அங்கே நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து முகத்துக்கு நேரே வைதுவிட்டுப் போவார்கள். பொழுது சாய்ந்ததும் நாரையார் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். உடம்பில் தடிப்பு இருந்தால் குற்றவாளி, இல்லாவிட்டால் நிரபராதி. குற்றம் செய்தவருக்குத்தான் சொல் சுடும், செய்யாதவருக்கு எதற்குச் சுடப்போகிறது என்பது அவர்கள் எண்ணம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதனால் யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை. பூந்தோலாள் அந்தக் களத்தில் இரண்டு முறை நின்றிருக்கிறாள். முயல் சேர்த்து வைத்த அறுகம்புல்லைத் தின்றுவிட்டாள் என்று ஒரு முறை, மயிலின் தோகையை மிதித்துவிட்டாள் என்று இன்னொரு முறை. இரண்டும் அவள் செய்யாதவை. ஆனால் இரண்டு தடவையும் வெயில் ஏறுவதற்கு முன்பே உடம்பெல்லாம் தடித்துப்போய்த் தலைகுனிந்து நின்றாள். தண்டனையாகக் கோடைக்குக் கோடை மேய்ச்சலில் கடைசி இடம் கிடைத்தது. உடும்பனும் மூன்று தடவை நின்றிருக்கிறான். அவன் மேல் ஒரு புள்ளிகூட விழுந்ததில்லை. களத்தில் நின்றபடியே ஒரு தூக்கம் போட்டான் என்றும் சொல்வார்கள். “இவனல்லவா சுத்தமான ஆளு” என்று நாரையாரே மெச்சினார்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. நெட்டூரணி வற்றி வற்றி, நடுவில் நாலு பாய் விரிக்கிற அளவுக்குத் தண்ணீர் மிஞ்சியது. யாரும் உள்ளே இறங்கக் கூடாது, கரையில் நின்று வாய் வைத்துக் குடிக்கலாம் என்று கட்டுப்பாடு. அடுத்த தண்ணீர் இருந்தது பெரிய கண்மாயில், இரண்டு நாள் நடைத் தூரம். பூந்தோலாள் கன்று ஈன்று அன்றைக்குப் பதினோராவது நாள். மொச்சை என்று பேர் வைத்திருந்தாள். நாலு எட்டு நடந்தால் மூன்றாவது எட்டில் முட்டி மடங்கிவிடும், அந்தப் பருவம்.

ஒரு நாள் காலையில் ஆட்காட்டிக் குருவி போட்ட சத்தத்தில் காடே எழுந்துகொண்டது. தண்ணீர் கலங்கிச் சேறாகக் கிடந்தது. கரை ஓரத்தில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக அவள் இட்டு வைத்திருந்த நாலு முட்டைகளும் போய்விட்டன. ஓட்டுச் சில்லுகள்தான் கிடந்தன. அவற்றைக் கால் நகத்தால் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இரண்டு கண் ஓரமும் சிவந்து தடித்திருந்தன. அழுத சிவப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“கரையெல்லாம் குளம்புத் தடம் கெடக்கு பாருங்க” என்றான் உடும்பன். “எறங்கித் தண்ணியக் கலக்குறதுன்னா கனத்த ஆளாத்தான் இருக்கணும்.”

முந்தின நாள் சாயங்காலம் பூந்தோலாள் கரையில் நின்று தண்ணீர் குடித்தது எல்லோருக்கும் தெரியும். தடம் அப்போது பதிந்ததுதான். ஆனால் தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பிவிட்டன. அப்போதே அவள் முதுகில் ஏழெட்டுத் தடிப்பு எழும்பியது.

“நான் எறங்கல. முட்டைய நான் பாக்கக்கூட இல்ல” என்றாள்.

“நாளைக்குக் களத்துல தெரிஞ்சிரும்” என்றார் நாரையார். “தடிப்பு இருந்துச்சுன்னா இனிமே இந்தத் தண்ணியில நீ வாய் வைக்கக் கூடாது. பெரிய கண்மாய்க்குப் போயிரு.”

இரண்டு நாள் நடை. பூந்தோலாள் மொச்சையைப் பார்த்தாள். அது தன் நிழலைத் தானே முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் குட்டி வழியிலேயே செத்துப்போகும், அதில் சந்தேகமே இல்லை. இத்தனை நாளாக அழுதே பழகியவளுக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை. நாளைக்கு ஒரு சொல்லும் என் மேல் படக்கூடாது, என்ன ஆனாலும் சரி என்று முடிவு கட்டிக்கொண்டு, கன்றை முட்டிக் கிளப்பி நடந்தாள்.

காட்டுக்குத் தெற்கே மண்பாண்டம் செய்கிறவர்கள் களிமண் எடுக்கும் பள்ளம் ஒன்று இருந்தது. அடியில் கொஞ்சம் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். அது குடிக்க உதவாது, மண்ணைக் குழைக்க உதவும். அங்கே மூக்காயி என்ற குயவர் வீட்டுப் பெண் கடப்பாரையும் கூடையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

“மண்ணு வேணும்க்கா.”

“ஒனக்கு எதுக்குத்தா மண்ணு? சட்டியா வனையப் போற?”

“மேலெல்லாம் பூசிக்கணும். நாளைக்கு என்னையக் களத்துல நிறுத்துறாக.”

மூக்காயி கடப்பாரையைக் கீழே வைத்தாள். ஏன், எதற்கு, நீதான் செய்தாயா என்றெல்லாம் கேட்கவில்லை. எருமையின் முதுகைத் தடவிப் பார்த்தாள். பிறகு கன்றைப் பார்த்தாள்.

“வெறுங் களிமண்ணப் பூசுனா வெயில்ல வெடிச்சுரும். வெடிச்ச எடத்துல பூராம் சொல்லு நொழையும். மணலும் சாணியும் சேத்துக் குழைக்கணும். நான் ஒருத்தி மிதிச்சு இது தீருமா? நீ எறங்கு.”

பூந்தோலாள் இறங்கினாள். கறுத்த கரிசல் களிமண். மணலைக் கொட்ட, சாணியைப் போட, அவள் நாலு காலாலும் மிதித்தாள். சூரியன் உச்சிக்கு ஏறி இறங்கும் வரை மிதித்தாள். நின்றால் மண் இறுகிவிடும் என்று மூக்காயி சொல்லியிருந்ததால் நிற்கவில்லை.

“எங்க வீட்டுல இப்பிடி ஒரு ஆளு இருந்தா நான் ஏன் சூளைக்குக் கெடந்து மாயறேன்” என்று மூக்காயி சிரித்தாள்.

முதல் பூச்சு மேலெல்லாம். அது பாதி காய்ந்ததும் இரண்டாவது. அதன் மேல் ஈரக்கையால் மெழுகி மூன்றாவது. நெற்றி, கழுத்து, முதுகு, வால் அடி, தொடை, ஒன்றையும் விடவில்லை. கடைசி உருண்டையை எடுத்துக்கொண்டு மூக்காயி அடிவயிற்றுப் பக்கம் குனிந்தபோது பூந்தோலாள் விலகினாள்.

“மடியில வேணாம்க்கா.”

“கிறுக்கா ஒனக்கு? அங்கதான தோலு ரொம்ப மெல்லிசு. மொதல்ல மூட வேண்டிய எடமே அதுதான்.”

“மண்ணு வாடை அடிச்சா இவ வாய் வைக்க மாட்டா. பொழுதுக்கும் களத்த விட்டு நகரக் கூடாது. பாலும் இல்லாட்டி அந்த வெயில்ல இவ தாங்க மாட்டா.”

“நாரையாரு கண்ணுல பட்டுச்சுன்னா?”

“படட்டும். எம்புள்ள குடிக்கணும்.”

மூக்காயி அந்த உருண்டையைத் திரும்பக் கூடையில் போட்டாள். அதற்கு மேல் அவளும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் களத்துக்குக் கறுப்பாக ஒரு மிருகம் வந்து நின்றதைப் பார்த்து, யார் இது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பின்னாலேயே மொச்சை தள்ளாடி வந்ததால்தான் அடையாளம் தெரிந்தது.

“இதென்ன கோலம்?” என்றார் நாரையார்.

“மண்ணு பூசியிருக்கேன் ஐயா. பூசக் கூடாதுன்னு எதாச்சும் கட்டுப்பாடு இருக்கா?”

நாரையார் ஒரு காலை மாற்றி ஊன்றினார். அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. யாருக்கும் இதுவரை அந்த யோசனை வந்ததில்லை.

“தோலு தெரிய வேணாமாங்க? இது ஏமாத்து வேலை” என்றான் உடும்பன்.

“ஒந்தோலு தெரியுதா உடும்பண்ணே?” என்றாள் பூந்தோலாள். “செதிலுக்கு மேல செதில் அடுக்கி வச்சிருக்க. மூணு தடவை நின்னியே, உரிச்சா பாத்தாக? நீ பெறக்கையிலேயே போட்டுக்கிட்டு வந்த. நான் நேத்துப் போட்டுக்கிட்டேன். அம்புட்டுத்தான்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உடும்பனின் செதிலில் பட்டுக் கீழே விழுந்தது. அதற்குள் சூரியன் கிளம்பிவிட்டது. சூரியன் கிளம்பினால் களம் தொடங்கிவிடும், நிற்கிறவர் பேசக்கூடாது. பூந்தோலாள் வாயை மூடிக்கொண்டாள்.

காக்கை வந்து வைதது. வெள்ளாடு வைதது. பழைய கோபத்தில் மயில் வந்து நீட்டி முழக்கி வைதுவிட்டுப் போனது. சொற்கள் வந்து களிமண்ணில் மோதி, ஓட்டின் மேல் விழுந்த ஆலங்கட்டி போலத் தெறித்து உதிர்ந்தன. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு நிம்மதியை அவள் கண்டதில்லை. ஒவ்வொரு சொல்லையும் முழுசாகக் காது கொடுத்துக் கேட்க முடிந்தது. கேட்கக் கேட்க, இவர்களுக்கு உண்மையில் ஒன்றுமே தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்பதும் புரிந்தது. வெயில் ஏற ஏற மண் சுருங்கி உடம்போடு உடம்பாக இறுகியது. மூச்சை இழுத்து விடுவதே பாடாக இருந்தது. அடியில் மொச்சை பால் குடித்துவிட்டு அவள் நிழலிலேயே படுத்துக்கொண்டது. வெயில் நகர்ந்தால் அவளும் அரை அடி நகர்ந்து கன்றின் மேல் நிழல் விழும்படி பார்த்துக்கொண்டாள். நின்ற இடத்தில் அந்த அளவு நகர அனுமதி உண்டு.

உச்சிப் பொழுதில் ஆட்காட்டி வந்தாள்.

அவள் மற்றவர்களைப் போல முகத்துக்கு எதிரே போய் நிற்கவில்லை. குள்ளமானவள். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே, மொச்சை படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னும் நாலு நாளுல பொரிஞ்சிருக்கும்” என்றாள். “வெயிலு சுட்டுச்சுன்னா வயித்த நனைச்சுக்கிட்டு வந்து மேல ஒக்காருவேன். அம்புட்டுப் பாடுபட்டு வச்சிருந்தேன். ஒனக்குப் புள்ள இருக்கு. இருக்குல்ல? அதுவும் இதே மாதிரி ஒரு காலுக்கடியில நசுங்கிச் சாகட்டும்.”

அந்தச் சொல் மேலே போகவில்லை. தாழ வந்து நேரே மடியில் விழுந்தது. தீக்கங்கை வைத்து அழுத்தின மாதிரி எரிந்தது. ஒரு உதறு உதறிக் காலைத் தூக்கியிருந்தால் எரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஆனால் மேலே மண் வெடித்துவிடும், கீழே கன்று மிதிபடும். பூந்தோலாள் காலைத் தூக்கவில்லை. கண்ணில் நீர் வழிந்து களிமண்ணில் ஒரு கோடு விழுந்தது. ஆட்காட்டி மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். முட்டையைப் பறிகொடுத்தவள் வேறு எப்படிப் பேசுவாள் என்றுதான் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பொழுது சாய்ந்தது. நாரையார் வந்து சுற்றத் தொடங்கினார். கழுத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

“அடியில பாருங்க ஐயா” என்றான் உடும்பன்.

நாரையாருக்குக் குனிந்து பழக்கமில்லை. தகுதிக்குக் குறைவு என்றும் நினைத்திருக்கலாம். “ஆட்காட்டி, நீ தாழ நடக்குற ஆளு. வழக்கும் ஒன்னோடதுதான். நீயே போய்ப் பாத்துச் சொல்லு” என்றார்.

ஆட்காட்டி வயிற்றுக்கு அடியில் போனாள். மொச்சை பால் குடித்துக்கொண்டிருந்தது. மடியில், காம்புக்கு மேலே, விரல் கனத்துக்கு ஒரு தடிப்பு ரத்தச் சிவப்பாக எழும்பியிருந்தது. வாய் மாற்றும்போதெல்லாம் கன்று அந்தத் தடிப்பை ஒரு முறை நக்கிவிட்டுக் குடித்தது. பூந்தோலாள் கழுத்தை வளைத்துக் கீழே பார்த்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன. ஒரு சொல் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஊரிலேயே சத்தமான வாய் ஆட்காட்டியுடையது. 

“இது நான் சொன்னதா?” என்றாள் ஆட்காட்டி, வெளியே கேட்காத குரலில்.

“ஆமா. எம்புள்ளயச் சொன்னது.”

“அப்ப நீதானே மிதிச்ச? மிதிக்காமயா சுட்டுச்சு?”

“ஒங்கண்ணு ஓரத்துல செவந்து தடிச்சுக் கெடக்கே, அது யாரு வஞ்சது?”

ஆட்காட்டி சிறகைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். அந்தத் தடிப்பைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை.

“யாரும் வையல” என்றாள் கடைசியில். “நானே என்னைய வஞ்சுக்கிட்டேன். தண்ணி குடிக்க நாலு எட்டுப் போனேன். அதுக்குள்ளதான் எல்லாம் நடந்துச்சு. போகாம இருந்திருக்கலாம்ல.”

“நீ என்ன குத்தம் பண்ண?” என்றாள் பூந்தோலாள். “தாகம் எடுத்துச்சு, போன. அதுக்கே இம்புட்டுத் தடிச்சிருக்கு. சொல்லு சுடுறதுக்குக் குத்தம் எதுக்கு ஆட்காட்டி? வலிக்கிற எடம் ஒண்ணு இருந்தாப் போதும்.”

ஆட்காட்டி மறுபடி அந்தத் தடிப்பைப் பார்த்தாள். பிறகு மெதுவாக வெளியே நடந்து வந்தாள்.

“ஒண்ணும் இல்ல” என்றாள். “சுத்தமா இருக்கு.”

வாழ்நாளில் அவள் சொன்ன ஒரே பொய் அது. அதற்காக அவள் உடம்பில் எங்கேயும் தடிக்கவில்லை.

“நல்லாப் பாத்தியா?” என்றான் உடும்பன்.

“நல்லாப் பாத்தேன்.” அவள் அவன் பக்கம் திரும்பினாள். “இன்னொண்ணும் இப்பத்தான் நெனப்பு வருது. மிதிச்சிருந்தா கருவெல்லாம் மண்ணுல கெடக்கணும்ல? ஓடு மட்டுந்தானே கெடந்துச்சு. கரு எங்க போச்சு உடும்பா? முட்டையக் குடிக்கிறது யாரு? எருமை மேல பழி விழட்டும்னு தண்ணியக் கலக்குனது யாரு?”

எல்லோரும் உடும்பனைப் பார்த்தார்கள். அவன் மேல் அப்போதும் ஒரு தடிப்பு எழும்பவில்லை. ஆனால் அவன் நிற்கவுமில்லை. கிடைத்த முதல் பொந்தில் தலையைக் கொடுத்தவன், வாலைப் பிடித்து இழுத்தும் வெளியே வரவில்லை. உள்ளேயே நகத்தை ஊன்றிப் பிடித்துக்கொண்டான். நாரையார் பொந்தைப் பார்த்தார், பூந்தோலாளைப் பார்த்தார், தாம் இதுநாள் வரை சொன்ன தீர்ப்புகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய் நின்றவர் அதற்குப் பிறகு யாருக்கும் நியாயம் சொல்லவில்லை. வசவுக் களத்தில் நெருஞ்சி முளைத்து மூடிவிட்டது.

பூந்தோலாள் அன்று சாயங்காலம் நெட்டூரணிக் கரையில் நின்று வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். மொச்சை பிழைத்துக்கொண்டது.

கோடை போய் முதல் மழை இறங்கியது. மண்ணைக் கழுவிக்கொள்ளலாம் என்று அவள் வெட்டவெளியில் போய் நின்றாள். எல்லோரும் மரத்தடிக்கு ஓடினார்கள், அவள் மட்டும் நின்றாள். மழை விட்டது, மண் போகவில்லை. மரத்தில் உரசிப் பார்த்தாள், கரிசல் அப்படியே இருந்தது. தோலோடு தோலாக ஊறிப்போய்விட்டது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். எங்கேயாவது வெடிப்பு விழுகிற மாதிரித் தெரிந்தால் சேற்றைப் பார்த்துப் போய்ப் புரண்டு பூசிக்கொண்டு வருவாள். அவள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கரிசல் தோலோடேயே பிறந்தார்கள்.

எதற்கும் அசையாத ஆளைப் பார்த்தால் ‘எருமைத் தோலு’ என்று நாம் சொல்கிறோம். இங்கிலீஷ்காரர்கள் ‘திக்-ஸ்கின்ட்’ என்று கனத்தையும் தோலையும் ஒரே சொல்லாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் யாரைப் பார்த்துச் சொன்னார்களோ தெரியாது. யாரைப் பார்த்தாலும் முதுகைத்தான் பார்த்திருப்பார்கள். நாரையார் மாதிரி அவர்களும் குனிந்திருக்க மாட்டார்கள்.

குனிகிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்குத் தொடங்கியதுதான், இன்றைக்கும் எருமையைக் கறக்க உட்காருகிறவர்கள் கன்றை முதலில் ஊட்ட விட்டு, விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, ஒரு கடுஞ்சொல் பேசாமல் மெல்லப் பேசிக் கறக்கிறார்கள். மண் பூசாத அந்த ஓர் இடத்தில் அவள் இன்னும் பூந்தோலாள்தான்.